உசுன் ஹசன்: தோற்ற ராஜாவின் வரிச் சட்டம்

ஒரு ராஜா போரில் தோற்றுப் போகிறார். சில பத்து வருடங்கள் கழித்து, அவரைத் தோற்கடித்தவரின் பேரன் வந்து அவருடைய சொந்த ஊரையே பிடித்துக் கொள்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாக என்ன நடக்கும்? பழைய ராஜாவின் பெயர் போட்ட நாணயம் உருக்கப்படும். மசூதியில் அவர் பெயரைச் சொல்வது நிற்கும். புது அதிகாரிகள் புதுச் சட்டத்தோடு வந்து இறங்குவார்கள்.

தியார்பகிரில் அப்படி நடக்கவில்லை. இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், டைகிரிஸ் நதிக்கரையில் கருங்கல் மதில்களோடு நிற்கும் ஊர் அது. 1515-ல் ஆட்டோமன் சுல்தான் முதலாம் செலீமின் வசம் வந்தது. 1518-ல் ஆட்டோமன் எழுத்தர்கள் அந்தப் பகுதிக்கு வரிப் பதிவேடு தயாரித்தார்கள். எந்த ஊர், எத்தனை குடும்பம், எவ்வளவு வரி என்று வரிசையாக எழுதியவர்கள், வரி விகிதம் எந்தச் சட்டப்படி என்ற இடத்தில் தங்கள் சுல்தானின் பெயரை எழுதவில்லை. ஹசன் பாதுஷாவின் சட்டப்படி என்று எழுதினார்கள். அந்த ஹசன் இறந்து அப்போது 40 வருடம் ஆகியிருந்தது. அவரைப் போர்க்களத்தில் ஓட ஓட விரட்டியது செலீமின் தாத்தா இரண்டாம் மெஹ்மத்!

எதிரியின் சட்டத்தை ஜெயித்தவர் ஏன் வைத்துக் கொள்ள வேண்டும்? அப்படி என்ன இருந்தது அதில்?

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். பெயர் உசுன் ஹசன். துருக்கிய மொழியில் 'உசுன்' என்றால் நீளம், உயரம். நம்மூர் வழக்கில் சொன்னால் நெட்டை ஹசன். 1474-ல் அவரை நேரில் பார்த்த வெனிஸ் தூதர் அம்ப்ரோஜோ கோந்தரினியும் அவரை உயரமான, ஒல்லியான மனிதராகத்தான் வர்ணிக்கிறார். ஆக பட்டப்பெயர் பொய் சொல்லவில்லை.

அவர் ஒரு துருக்மென் தலைவர். துருக்மென் என்றதும் இன்றைய துருக்மெனிஸ்தான் நாட்டை நினைத்துக் கொள்ள வேண்டாம். இது ஆடு மேய்த்துக்கொண்டு, கோடைக்கு மலை, குளிருக்குச் சமவெளி என்று இடம் மாறி வாழ்ந்த துருக்கிய இனக்குழுக்களின் பொதுப்பெயர். கிழக்கு அனத்தோலியாவிலும் அதை ஒட்டிய ஈரானிலும் இராக்கிலும் 15-ஆம் நூற்றாண்டில் இவர்களின் இரண்டு பெரிய கூட்டமைப்புகள் மோதிக் கொண்டிருந்தன. ஒன்று கரா கொயுன்லு, அதாவது கருப்பு ஆட்டுக்காரர்கள். இன்னொன்று அக் கொயுன்லு, வெள்ளை ஆட்டுக்காரர்கள். (வெள்ளாடு என்று மொழிபெயர்த்தால் தமிழில் விலங்கே மாறிவிடும். அங்கே சொல்வது செம்மறியை. 'வெள்ளைச் செம்மறி' என்று எழுதினாலோ நிறத்தில் குழப்பம்!)

ஹசனின் தாத்தா கரா உஸ்மான், தைமூருக்குத் துணை நின்றதற்குப் பரிசாக தியார்பகிர் பகுதியைப் பெற்றவர். அந்த ஊருக்கு அப்போது ஆமித் என்று பெயர். 1452-ல் ஹசன் தன் அண்ணன் ஜஹாங்கீரிடமிருந்து ஆமித் நகரைப் பறித்தார். 1467-ல் கருப்பு ஆட்டுக்காரர்களின் பெரிய ராஜா ஜஹான் ஷாவை ஒழித்தார். 1469-ல் தைமூரின் வாரிசான அபூ சயீத் பெரும் படையோடு வந்து மாட்டிக்கொண்டார். ஆமித் மதிலுக்குள் ஆரம்பித்த ஒரு இனக்குழுத் தலைவர் இரண்டு வருடத்துக்குள் பாரசீக வளைகுடா வரை நீண்ட ஒரு ராஜ்ஜியத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். தலைநகரம் தப்ரீஸுக்கு மாறியது.

இங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது. ஒரு இனக்குழுவை நடத்துவதற்குக் கொள்ளையும் ஆட்டு மந்தையும் போதும். ராஜ்ஜியம் நடத்த வருடா வருடம் தவறாமல் வரும் வருமானம் வேண்டும். குதிரையில் இருந்துகொண்டே நாட்டைப் பிடிக்கலாம், குதிரையில் இருந்துகொண்டே நாட்டை ஆள முடியாது என்பதை மங்கோலியர் காலத்திலிருந்தே ஈரானின் கணக்கர்கள் தங்கள் எஜமானர்களுக்குப் பாடம் எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

ஹசன் கையில் வந்த நாட்டின் வரி நிலவரம் என்ன? ஒரே வார்த்தையில் சொன்னால், குழப்பம். மூன்று அடுக்காக வரிகள் இருந்தன. கீழ் அடுக்கில் இஸ்லாமியச் சட்டம் ஏற்றுக்கொண்ட வரிகள்: விளைச்சலில் பங்கு, முஸ்லிம் அல்லாதவர்கள் தரும் தலைவரி, இப்படி. அதற்கு மேலே மங்கோலியர் கொண்டு வந்த வரிகள். மங்கோலியர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அவர்கள் வரி மட்டும் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே உள்ளூர் வழக்கம் என்ற பெயரில் வசூலானவை. அதிகாரி வந்தால் தங்க இடம், குதிரைக்குத் தீனி, பண்டிகைக்குப் பரிசு, அடுப்புக்கு விறகு, படை போனால் அதற்கு ஒரு வசூல், தூதர் வந்தால் அதற்கு ஒன்று.

இந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வரிவிலக்கு ஆணைகளைப் படித்தால் போதும். அக் கொயுன்லு ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1498-ல், ஹசனின் அண்ணன் மகன் காசிம் கொடுத்த ஒரு ஆணை கிடைத்திருக்கிறது. விளாதிமிர் மினோர்ஸ்கி என்ற அறிஞர் அதைப் பதிப்பித்தார். இன்னாருக்கு இந்த நிலம், இவரிடம் கீழ்க்கண்ட வரிகளை யாரும் கேட்கக்கூடாது என்று சொல்லி ஒரு நீளமான பட்டியல் வருகிறது. விலக்கு பெற்றவருக்கு அது சந்தோஷமான பட்டியல். விலக்கு இல்லாத பக்கத்து ஊர்க்காரனுக்கு அதுதான் வருடாந்திர பில்!

அந்த மாதிரி ஆணைக்கு 'சொயுர்கால்' என்று பெயர். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் புரியும். ராஜாவிடம் ரொக்கம் குறைவு. படைத்தலைவர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது? இந்த ஜில்லாவின் வரியை நீயே வசூலித்து எடுத்துக்கொள், உனக்குப் பின் உன் பிள்ளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்து விடுவார். அந்த நிலத்துக்குள் ராஜாவின் வரி அதிகாரி கால் வைக்க முடியாது. பல இடங்களில் நீதி விசாரணையும் அந்தத் தலைவர் கையில்தான். ஆக வரிக் குறைப்பு என்று ராஜா அறிவித்தால் குறைவது ராஜாவின் பங்கு மட்டும் இல்லை, படைத்தலைவரின் சம்பளமும்தான். வரி கட்டுபவன் ஒரு பக்கம், வரியில் சாப்பிடுபவன் வாளோடு இன்னொரு பக்கம். நடுவில் ராஜா.

இதைச் சரிசெய்யப் பார்த்தவர்களில் ஹசன் முதல் ஆள் இல்லை. ஈரானை ஆண்ட மங்கோலிய ராஜா கஸான் (ஆட்சி 1295 முதல் 1304 வரை) பெரிய முயற்சி செய்தார். ஒவ்வொரு ஊரும் கட்ட வேண்டிய தொகையை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி பலகையிலோ கல்லிலோ பொறித்து வைக்கச் சொன்னார். அவருடைய அமைச்சர் ரஷீதுத்தீன் இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அதிலேயே விஷயம் இருக்கிறது. வரி எவ்வளவு என்பதைவிட, வரி எவ்வளவு என்று கட்டுகிறவனுக்குத் தெரிந்திருப்பது முக்கியம். தெரியாத வரைக்கும் வசூலிக்க வருகிறவன் சொன்னதுதான் சட்டம்.

ஹசன் பிடித்துக்கொண்டது இந்த நூலைத்தான்.

அவருடைய சட்டத்தொகுப்பை 'கானூன்-நாமா' என்கிறார்கள். மூலப்பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. பிறகு எப்படித் தெரியும்? அந்த ஆட்டோமன் பதிவேடுகள் வழியாகத்தான். தியார்பகிர், மார்தின், உர்ஃபா, எர்கானி, எர்ஸின்ஜான், ஹர்புத் போன்ற பகுதிகளுக்கு ஆட்டோமன் எழுத்தர்கள் எழுதி வைத்த விதிகளில் ஹசனின் சட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. துருக்கிய வரலாற்றாசிரியர் ஓமர் லுத்ஃபி பார்கன் 1941-ல் அவற்றைத் தேடி எடுத்து வெளியிட்டார். 1950-ல் ஜெர்மானியரான வால்டர் ஹின்ஸ் அவற்றை வைத்து 15, 16-ஆம் நூற்றாண்டு கிழக்கு அனத்தோலியாவின் வரிமுறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். தோற்றவரின் சட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது ஜெயித்தவரின் குமாஸ்தா.

அதைப் படிப்பவர்கள் பெரிய தத்துவம் எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். நீதி, கருணை என்று பக்கம் பக்கமாகப் பேச்சு இல்லை. வெறும் விகிதங்கள். தானியத்தில் எத்தனை பங்கு (பல இடங்களில் ஐந்தில் ஒன்று). ஒரு ஜோடி உழவு மாட்டுக்கு எவ்வளவு. ஆட்டு மந்தைக்கு எவ்வளவு. திராட்சைத் தோட்டத்துக்கு எவ்வளவு. வழியில் போகும் வியாபாரியின் ஒரு சுமைக்கு எவ்வளவு, பட்டு என்றால் எவ்வளவு, மலிவான சரக்கு என்றால் எவ்வளவு. சண்டை சச்சரவுகளுக்கு அபராதம் எவ்வளவு.

இலவச உழைப்பும் இந்தக் கணக்குக்குள் வந்தது. நிலத்தின் எஜமானனுக்காகக் குடியானவன் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். கூப்பிட்ட போதெல்லாம் போக வேண்டும் என்றிருந்தால் அது அடிமைத்தனம். வருடத்துக்கு இத்தனை நாள் என்று எழுதி வைத்தால் அது ஒரு வரி. சில இடங்களில் உழைப்புக்குப் பதில் பணமாகவும் கட்டலாம் என்று ஆனது. விறகு, வைக்கோல், பண்டிகைப் பரிசு ஆகியவையும் இதே மாதிரி எண்ணிக்கைக்குள் அடைபட்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹசன் இந்தப் பழைய சுமைகளை நீக்கவில்லை. அவற்றுக்கு ஒரு உச்சவரம்பு போட்டார். அந்தப் பகுதியில் ஏராளமாக இருந்த ஆர்மேனிய கிறிஸ்தவக் குடியானவர்களுக்கு முஸ்லிம்களை விடச் சுமை அதிகம் என்பதும் அந்த விதிகளிலேயே தெரிகிறது. அந்தக் கால ராஜாக்களை இந்தக் கால அளவுகோலில் அளக்க முடியாது என்பார்கள். சரி. ஆனால் உர்ஃபா பக்கத்து ஆர்மேனியக் குடியானவனின் முதுகுக்கு அந்தச் சமாதானம் தெரிந்திருக்காது.

நீதி வழங்கும் முறையிலும் ஹசன் கவனம் செலுத்தினார். காலைத் தொழுகை முடிந்ததும் 'நீதி முரசு' அடிக்கப்படும், ராஜா எளிய துறவி உடையில் வந்து உட்காருவார் என்று பாரசீக எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். ஏழைகளின் வழக்கை எடுத்துச் சொல்வதற்கென்றே ஒரு அதிகாரி இருந்தாராம். தீர்ப்பை எழுத்தர்கள் உடனே எழுதிக் கொடுப்பார்களாம். ராஜசபை எழுத்தாளர்கள் தங்கள் ராஜாவைப் புகழ்வது வாடிக்கை என்பதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் வாங்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள் என்ற விவரம் மட்டும் கானூன்-நாமாவின் குணத்தோடு பொருந்திப் போகிறது. வாய்வார்த்தை மாறும், தாள் மாறாது.

அடுத்து தம்கா. இந்தச் சீர்திருத்தத்தின் சுவாரஸ்யமான பகுதி இதுதான். வணிகவியல் படிப்பவர்கள் இன்னும் ஒரு தடவை கூடப் படிக்கலாம்.

தம்கா என்றால் முத்திரை. ஆடுமாடுகளுக்குச் சூடு போடும் அடையாளத்துக்கும் அதே பெயர்தான். மங்கோலியர் காலத்தில் அது ஒரு வரியின் பெயர் ஆனது. நகரத்தில் நடக்கும் வியாபாரம், கைத்தொழில் ஆகியவற்றின் மீது போடும் வரி. வரி கட்டியதற்கு அடையாளமாகச் சரக்கில் முத்திரை குத்துவார்கள். இன்றைய பாடப்புத்தக மொழியில் மறைமுக வரி. இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்று மார்க்க அறிஞர்கள் தொடர்ந்து கண்டித்து வந்தார்கள். ஆனால் தப்ரீஸ் மாதிரி வியாபார நகரங்களில் வருமானமே இதுதான். 1340 வாக்கில் எழுதிய ஹம்துல்லா முஸ்தௌஃபி, தப்ரீஸ் நகரின் வருவாயைச் சொல்லும்போது தம்காவைத்தான் கணக்கில் சொல்கிறார்.

இதன் சிக்கல் புரிய ஒரு கற்பனைக் கணக்கு. (எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே.) 100 ரூபாய் மதிப்புள்ள பட்டு ஒன்று காஸ்பியன் கடலோர கீலான் பகுதியிலிருந்து கிளம்புகிறது. தப்ரீஸ், எர்ஸின்ஜான், தோகாத் என்று ஊர் ஊராகக் கைமாறி ஆட்டோமன் நகரமான பூர்சாவுக்குப் போக வேண்டும். ஐந்து இடத்தில் கைமாறுகிறது, ஒவ்வொரு இடத்திலும் 10 சதவீதம் என்றால், கடைசியில் வரி மட்டுமே 61 ரூபாய். அதே 5 சதவீதம் என்றால் 28 ரூபாய்க்கும் குறைவு. வரியின் மேல் வரி ஏறுவதுதான் காரணம். விகிதத்தைப் பாதியாக்கினால் மொத்தச் சுமை பாதியை விட அதிகமாகக் குறைகிறது. வியாபாரி எந்தச் சாலையில் போவது என்று முடிவு செய்வது இந்த மாதிரி கணக்கை வைத்துத்தான். சாலை மாறினால் ஊரே மாறிவிடும்.

ஹசன் என்ன செய்தார்? தம்காவை நாடு முழுக்க ஒழித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1542-ல் 'லுப்பு தவாரீக்' என்ற நூலை எழுதிய யஹ்யா கஸ்வீனி இதைப் பதிவு செய்கிறார். ராஜா விரும்பினார், அமீர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அமீர்கள் என்றால் படைத்தலைவர்கள். அபூ சயீதையே பிடித்துக் கொண்டு வந்து நிறுத்திய வெற்றி வீரர், தன் சொந்த அமீர்கள் முன்னால் பின்வாங்கினார். தம்கா ஒழியவில்லை. விகிதம் குறைந்ததோடு சரி.

இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது அவசரம். இந்த ஒரு வரியை எத்தனை பேர் 'ஒழித்தார்கள்' என்று பார்த்தால் புரியும். ஹசனிடம் தோற்ற அதே அபூ சயீத் 1460 வாக்கில் மத்திய ஆசியாவில், குவாஜா அஹ்ரார் என்ற சூஃபி ஞானியின் வற்புறுத்தலால் தம்காவை நீக்கினார். அவருடைய பேரன் பாபர் 1527-ல் கான்வா போருக்கு முன்பு மதுவை விட்டதோடு முஸ்லிம்களுக்குத் தம்காவையும் விட்டார். பாபரின் கொள்ளுப்பேரன் ஜஹாங்கீர் 1605-ல் பட்டத்துக்கு வந்ததும் வெளியிட்ட ஆணைகளில் தம்கா தடை மறுபடி வருகிறது. ஈரானில் ஷா தஹ்மாஸ்ப் 1565-ல் நீக்கினார். ஒரு வரியை இத்தனை பேர் ஒழிக்க வேண்டியிருந்தது என்றால் அது ஒருநாளும் ஒழுங்காக ஒழியவில்லை என்றுதானே அர்த்தம்! ஹசன் ஒழித்துவிட்டேன் என்று அறிவித்துவிட்டு மறுவருடம் சத்தமில்லாமல் வசூலித்திருக்கலாம். அவர் குறைத்ததை எழுதி வைத்தார். அது நின்றது.

அமீர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்குக்குப் பெயர் ஆட்டோமன். மேற்கே இரண்டாம் மெஹ்மத் 1453-ல் கான்ஸ்டான்டிநோபிளையும், 1461-ல் டிரெபிசாந்தையும் விழுங்கியிருந்தார். டிரெபிசாந்த் ஹசனின் மாமனார் வீட்டு ராஜ்ஜியம். அவர் மனைவி தெஸ்பினா அங்கத்து இளவரசி. அடுத்த குறி யார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நேரத்தில் வருமானத்தைக் குறைக்கலாமா?

1472-ல் ஹசனின் படை ஆட்டோமன் எல்லைக்குள் புகுந்து தோகாத் நகரைச் சூறையாடியது. மேலே சொன்ன பட்டுப் பாதையில் இருக்கும் அதே தோகாத்தான். வெனிஸ் அரசு பீரங்கிகளும் துப்பாக்கிகளும் அனுப்பியது. ஜோசஃபாத் பார்பரோ என்ற தூதர் அவற்றோடு கிளம்பி சைப்ரஸ் வரை வந்தார். ஆயுதங்கள் ஹசன் கைக்கு வந்து சேரவில்லை. 1473 ஆகஸ்ட் 11-ல் ஒட்லுக்பெலி என்ற இடத்தில் துருக்மென் குதிரைப்படை ஆட்டோமன் பீரங்கிகளையும் ஜானிஸ்ஸரி காலாட்படையையும் எதிர்கொண்டது. முடிவைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு படைகளுக்கும் இருந்த வித்தியாசத்தில் வரியின் பங்கும் உண்டு. ஜானிஸ்ஸரிகள் சுல்தானின் கஜானாவிலிருந்து ரொக்கச் சம்பளம் வாங்கியவர்கள். ஹசனின் படையில் பெரும்பகுதி, தங்கள் தங்கள் ஜில்லா வருமானத்தில் வாழ்ந்த தலைவர்கள் கூட்டி வந்த ஆட்கள். பீரங்கி வார்க்க ஓரிடத்தில் குவிந்த பணம் வேண்டும். சொயுர்கால் முறையில் பணம் குவியாது, சிதறும். அமீர்களை மீறினால் படை இல்லை, அமீர்களை மீறாவிட்டால் கஜானா இல்லை.

தோல்விக்குப் பிறகு மகன் உகுர்லு முகம்மத் கலகம் செய்து ஆட்டோமன் பக்கம் ஓடினார். 1478 ஜனவரியில் ஹசன் இறந்தார். மூத்த வாரிசு கலீல் ஒரு வருடம் கூட நிலைக்கவில்லை. இன்னொரு மகன் யாகூப் பட்டத்துக்கு வந்தார்.

அப்பா பாதியில் விட்டதை முடித்துவிடலாம் என்று யாகூபின் ஆட்சியில் ஒருவர் நினைத்தார். அவர் காஜி ஈசா சாவஜி. யாகூபின் ஆசிரியராக இருந்து பெரிய பதவிக்கு வந்தவர். அவர் திட்டம் நேரடியானது. மங்கோலியர் விட்டுப்போன வரிகள் எல்லாம் போகட்டும், இஸ்லாமியச் சட்டம் சொன்னவை மட்டும் இருக்கட்டும். அப்படியானால் துண்டு விழும் வருமானத்துக்கு என்ன வழி? சொயுர்கால் நிலங்களைத் திரும்ப எடு! 1489 வாக்கில் அவருடைய சகோதரர் ஷேக் அலி, மத்திய ஈரானுக்கும் ஃபார்ஸ் பகுதிக்கும் நிலக்கணக்கு எடுக்கப் போனார்.

நாடே கொதித்தது. கொதித்தவர்களில் அமீர்கள் மட்டும் இல்லை, மார்க்க அறிஞர்களும் உண்டு. காரணம், சிறிய சிறிய மானிய நிலங்கள் மதரஸா ஆசிரியர்களுக்கும் தர்ம காரியங்களுக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. கணக்கெடுப்பில் அதுவும் சேர்த்துப் பிடிபட்டது. அப்போதைய வரலாற்றாசிரியர் ஃபஸ்லுல்லாஹ் குன்ஜி தீவிரமான மார்க்கவாதி. மார்க்கச் சட்டத்தின் பெயரால் நடந்த இந்தச் சீர்திருத்தத்தை அவர் வாழ்த்தியிருக்க வேண்டும். அவரோ ஷேக் அலியின் அதிகாரிகள் செய்த கெடுபிடிகளைக் கடுமையாக எழுதி வைத்தார். 1490 கடைசியில் யாகூப் இறந்தார். அடுத்த சில வாரங்களிலேயே சூஃபி கலீல் என்ற அமீர், காஜி ஈசாவைக் கொன்று போட்டார். திரும்ப எடுத்த நிலங்கள் பழைய கைகளுக்கே போயின.

இன்னும் ஒருவர் முயன்றார். 1497-ல் பட்டத்துக்கு வந்த அஹமத், ஓடிப்போன உகுர்லு முகம்மதின் மகன், அதாவது உசுன் ஹசனின் பேரன். வளர்ந்தது இஸ்தான்புல்லில். மணந்தது சுல்தான் இரண்டாம் பாயசீதின் மகளை. மத்திய அரசு என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவர். வந்ததும் வராததுமாக வரிகளை வெட்டினார், சொயுர்கால்களை ரத்து செய்தார், அடாவடி அமீர்களைத் தண்டித்தார். ஒரு வருடம் கூட முழுதாகவில்லை. அதே 1497 டிசம்பரில் அமீர்கள் அவரை இஸ்ஃபஹான் பக்கத்தில் போரில் கொன்றார்கள்.

தாத்தா பேரம் பேசினார், படுக்கையில் இறந்தார். காஜியும் பேரனும் பேரம் பேசவில்லை. இதிலிருந்து பேரம்தான் புத்திசாலித்தனம் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் பேரம் பேசிய தாத்தாவின் ராஜ்ஜியமும் அவருக்குப் பிறகு 25 வருடம் தாக்குப் பிடிக்கவில்லை. 1501-ல் தப்ரீஸைப் பிடித்து சஃபாவிய அரசை நிறுவிய ஷா இஸ்மாயில், ஹசனின் மகள் வயிற்றுப் பேரன்.

ராஜ்ஜியம் போனாலும் விகிதங்கள் தங்கின. சஃபாவியர்களும் 16-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் ஹசனின் வரி ஒழுங்கை ஒட்டியே வசூலித்தார்கள். கிழக்கே பேரன், மேற்கே எதிரி, இரண்டு பேரின் கணக்குப் புத்தகத்திலும் ஒரே பெயர்.

ஆட்டோமன்கள் இதை ஹசன் மீது வைத்த மரியாதையால் செய்யவில்லை. புதிதாகப் பிடித்த நாட்டில் முதல் நாளே வரியை மாற்றினால் கலகம் வரும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். பக்கத்தில் துல்காதிர் என்ற இன்னொரு துருக்மென் சிற்றரசு இருந்தது. அதன் தலைவர் அலாவுத்தௌலா பேயின் அபராதச் சட்டத்தையும் அவர்கள் வைத்துக் கொண்டார்கள். சிரியா, எகிப்து பக்கம் மம்லுக் சுல்தான் காய்த்பேயின் விதிகளையும் வைத்துக் கொண்டார்கள். ஆனால் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் வைத்துக்கொள்ளும்படி ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? வாய்மொழி வழக்கத்தைப் பதிவேட்டில் காப்பி எடுக்க முடியாது. ஹசனின் ஆட்கள் ஊர் ஊராக விகிதத்தை எழுதி வைத்திருந்தார்கள். ஆட்டோமன் எழுத்தருக்கு வேலை மிச்சம்.

வசூல்காரன் வாசலுக்கு வந்து நின்றால், ஐந்தில் ஒன்று என்றுதானே எழுதியிருக்கிறது, நீ ஏன் நாலில் ஒன்று கேட்கிறாய் என்று ஒரு குடியானவன் கேட்க முடிந்தது. ராஜா மாறிய பிறகும் அதையே கேட்க முடிந்தது.

ஒரு விஷயம் பாக்கி. இந்தச் சட்டம் ஆட்டோமன் கையில் என்றென்றும் இருக்கவில்லை. 1540 வாக்கில் எர்ஸுரூம், எர்ஸின்ஜான் பக்கத்தில் ஹசன் பாதுஷாவின் சட்டம் நீக்கப்பட்டு ஆட்டோமன் சட்டம் வந்தது. மக்களுக்குப் பழைய சட்டத்தின் சுமை அதிகமாக இருந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். புது அரசு தன் பெருமைக்காக அப்படி எழுதியிருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம், ஏனென்றால் அந்த இலவச உழைப்பு நாட்கள், விறகு, வைக்கோல், பண்டிகைப் பரிசு எல்லாம் இன்னும் அதே கணக்கில்தான் இருந்தன. 1470-களில் கொள்ளைக்கு உச்சவரம்பாகப் போட்ட எண், அடுத்த இரண்டு தலைமுறைக்குள் தானே ஒரு சுமையாக மாறியிருந்தது.